ஆட்டுக்காரி கிரீடத்தைக் கொடுத்தது சரியா

என் பேத்தியின் நிச்சயத்தை ஒரு டி.வி. தொடர் நிறுத்தப் பார்த்தது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தொடர்மேல் பழி போடுவது பாவம். நிறுத்தப் பார்த்தது என் வாய்.

அது வெள்ளைக்காரர்கள் எடுத்த தொடர். எட்டு பாகம். நடிக்கிறவர்களின் வாய் ஒரு பக்கம் அசையும், தமிழ் இன்னொரு பக்கம் வரும். மலை உச்சியில் ஆடு மேய்க்கிற ஒரு பெண், கல்லால் ஆன ஒரு பூதத்தைத் தன் பேச்சுக்குப் பணிய வைத்து, ஏழு மலை நாட்டையும் கொடுங்கோலர்களிடமிருந்து பிடிக்கிற கதை. அந்தப் பெயர்களெல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்ற என் வாயில் நுழையாது. அதனால் அவள் எனக்கு ஆட்டுக்காரி. அவளுக்கு ஒரு தம்பி, சண்டையில் ஒரு காதை இழந்தவன். அவன் ஒத்தக்காதன். இரண்டாம் பாகத்தில் எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவனே இந்த ஒத்தக்காதன்தான். கடைசிப் பாகத்தில், எல்லாச் சண்டையையும் ஜெயித்த பிறகு, ஆட்டுக்காரி தன் கிரீடத்தைக் கழற்றி அவன் தலையில் வைத்துவிட்டு மறுபடி ஆடு மேய்க்க மலைக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான், முடிந்தது.

முடிந்த அன்று என் பேத்தி சோறு தின்னவில்லை. அரூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், காய்ச்சல்காரர்களுக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, இவளே காய்ச்சல்காரி மாதிரி சுருண்டு படுத்தாள். இந்தத் தொடரைப் பற்றிச் சண்டை போடுவதற்கென்றே போனில் ஒரு குரூப் இருக்கிறது. முடிவு சரி என்று பாதிப் பேர், தப்பு என்று பாதிப் பேர். தப்பு என்கிற கட்சியில் இவளோடு தோள் சேர்ந்து நின்று சண்டை போட்டவன் காரிமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன். இரண்டு வருடச் சண்டையில் இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. கட்டினால் அவனைத்தான், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். என் மகனுக்குத் தெரிந்தால் முதலில் போன் உடையும், அப்புறம் பேச்சு உடையும். நான் ஒரு தரகரைப் பிடித்து, அந்தப் பையனின் ஜாதகம் தானாகவே எங்கள் வீடு தேடி வருவது போல வரவழைத்தேன். பொருத்தமும் இருந்தது. இந்தத் திருட்டு வேலையில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குள் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. பத்தரைக்கு மேல் பன்னிரண்டு வரை ராகு காலம். மாப்பிள்ளை வீட்டார் வந்த வண்டி வழியில் பஞ்சராகி, பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது பத்து நாற்பது. இனி பன்னிரண்டு அடித்தால்தான் தட்டைத் தொடலாம். தட்டு மாறாமல் அவர்கள் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். உள்ளே ஆறு வகைக் கறியோடு சாப்பாடு வெந்து தயாராக இருக்கிறது. வெளியே பசியோடு பெரிய மனிதர்கள் காபிகூடக் குடிக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

பையனின் அப்பா பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதிரில் இருப்பவரோடு பேசும்போதும் ஒரு பார்வை பக்கவாட்டில் போய்வரும், பின்னால் வருகிற லாரியைப் பார்ப்பது போல. அம்மா வாய் திறக்காத ஆள். பையன் தலை குனிந்து, விரலால் விரலை நெட்டி முறித்துக்கொண்டிருந்தான். மழை இல்லை, வெங்காயம் விலை என்றெல்லாம் என் மகன் பேசிப் பார்த்தான். எல்லாம் கால் மணியில் தீர்ந்துபோனது.

எனக்கு நாக்கு அரித்தது. பையனின் காது சிவப்பதைப் பார்க்க வேண்டும், உள்ளே ஜன்னல் ஓரம் நிற்கிற பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இந்த ஆடு மேய்க்கிற ராணி கதை ஒன்று வந்ததே, அதையெல்லாம் உங்கள் வீட்டில் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

பையன் காது சிவக்கத்தான் செய்தது. ஆனால் பதில் சொன்னது அப்பா. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எட்டு பாகமும் மகனும் தானும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். கடைசி நாள் கண்ணில் தண்ணீர் வந்ததாம். ஆட்டுக்காரி கிரீடத்தைக் கழற்றின மாதிரி ஒரு முடிவை வேறு எவனாலும் எடுக்க முடியாது, அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடுகிறவர்தான் பெரியவர், முடிவு தப்பு என்கிறவனுக்குக் கதை பார்க்கவே தெரியாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

நான் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு ஆள் அதைத் தப்பு என்று சொல்லும் என்றேன். யார் என்று கேட்டார். ஜன்னலைக் காட்டினேன்.

பேத்தி வெளியே வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. நிச்சயத்துக்கு நிற்கிற பெண் மாதிரி அவள் பேசவில்லை.

"கிரீடத்தக் குடுத்தது தப்பில்லீங்க. கதவத் தெறந்து வுட்டவன் கையில குடுத்தாளே, அதான் தப்பு. அந்தக் கதவால எத்தன பேரு செத்தாங்க. அவங்கள ஒரு வார்த்த கேட்டாளா?"

"மன்னிக்கறதுதாம்மா பெரிய மனுசத்தனம்."

"அவ மன்னிக்கலாங்க. அவ நாடு மன்னிக்கணும்னு என்ன இருக்குது?"

என் மகன் அவளை உள்ளே போகச் சொன்னான். அவள் போகவில்லை. பையனின் அப்பா முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது. பக்கவாட்டுப் பார்வை போய் மகன்மேல் நின்றது. "நீ சொல்றா. நாம ரெண்டு பேருந்தான பாத்தோம். முடிவு சரியா, தப்பா?"

இரண்டு வருடம் ராத்திரி பகல் பாராமல் தப்பு தப்பு என்று எழுதித் தள்ளியவன், தரையைப் பார்த்தபடி சொன்னான்: "சரிதாம்ப்பா."

பேத்தி திரும்பி உள்ளே போனாள். சமையலறையில் போய்ப் பார்த்தேன். தலைப் பூவை எடுத்து அம்மிமேல் வைத்துவிட்டு நின்றாள். மணி பதினொன்றரை.

"நீங்க பழகினது தெரிஞ்சுரும்னு பயந்துட்டாண்டி," என்றேன்.

"தெரியாத மாரியே சொல்லலாமே ஆயா. எனக்கும் அப்படித்தான் தோணுதுன்னு ரெண்டு வார்த்த. அதுக்கே வாய் வரல. நாளைக்கி எனக்கும் அவங்கப்பாவுக்கும் ஒரு பேச்சு வந்தா, இதே மாரி தரையத்தான் பாப்பாரு. நான் தட்டு எடுத்துட்டு வர மாட்டேன்."

அவள் அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்ல ஒரு கேலி கிடைக்கவில்லை. பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன். பையன் கை கழுவுகிற சாக்கில் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தான். கை நனைக்காத ஆளுக்கு எதற்குக் கை கழுவல்.

"தம்பி, அவ பூவ எடுத்துட்டா. வர மாட்டேங்கறா."

அவன் முகம் வெளுத்தது. "நான் என்னா ஆயா பண்றது?"

"எனக்கென்ன தெரியும். நானா உங்கூட ரெண்டு வருசம் சண்ட போட்டேன்?" சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குமேல் சொன்னால் அது என் பேச்சாகிவிடும் என்று பட்டது.

பதினொன்று ஐம்பது. பையன் வந்து நாற்காலியில் உட்காராமல் அப்பா முன்னால் நின்றான்.

"அப்பா, முடிவு தப்புதாம்ப்பா. எனக்கு மொதல்லேர்ந்தே அப்படித்தான் தோணுச்சு."

அவர் அவனையே பார்த்தார்.

"மொதல்லேர்ந்தேன்னா?"

"முடிஞ்ச அன்னிக்கேப்பா."

"அப்ப எங்கூட உக்காந்து தலையாட்டிட்டு இருந்தது?"

அவர் கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் இருந்தோம். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. எழுந்து வாசலுக்குப் போய், வண்டிமேல் கை வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். டிரைவர் வேலை பார்த்தவர் வண்டிக் கதவில் கை வைத்தால் கிளம்புகிறார் என்றுதான் அர்த்தம். அவர் கை படாமல் தட்டு மாறாது. என் மகன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

பன்னிரண்டு தாண்டியது. சமையலறையில் பேத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லிக் குடுத்தியா ஆயா?"

"நீ வர மாட்டேன்னு சொன்னேன். வேற ஒரு வார்த்த சொல்லல." பொய் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்தான் எனக்கு. அன்றைக்கு அது உண்மை. அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியாது.

அப்போதுதான் வெளியே பையனின் அம்மா குரல் கேட்டது. வந்ததிலிருந்து முதல் பேச்சு. அந்தம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசலைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க, அவ ராணியா இருந்த எட்டு பாகமும் அந்த ஆட்ட யாரு பாத்துக்கிட்டாங்க? அத ஒருத்தரும் காட்டலியே. நானும் பின்னால நின்னு பாத்துட்டு, கேக்கலாம்னுதான் இருந்தேன், நீங்க கேக்க வுட்டாத்தானே."

ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். வாசலில் அவர் முதுகு கொஞ்சம் குலுங்கியது. சிரிப்பா வேறெதாவதா என்று இங்கிருந்து தெரியவில்லை. அவர் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. உட்காராமலே, பொண்ணைக் கூப்பிடுங்கள் என்றார்.

பேத்தி வந்து நின்றாள். பூ வைத்துக்கொள்ளவில்லை.

"எங்க வூட்ல எல்லாரும் எங்கிட்டத் தலையாட்டிட்டுத்தான் இருந்திருக்காங்க, இன்னிக்கித்தான் தெரியுது," என்றார். "நீயும் ஆட்டுவியாம்மா?"

"மாட்டேங்க. சரின்னா சரிம்பேன். தப்புன்னா தப்புன்னு சொல்லீருவேன்."

"அந்த முடிவு சரிதான். நான் சாவற வரைக்கும் அது சரிதான்."

"அது தப்புத்தானுங்க."

மணி பன்னிரண்டே கால். அவர் தன் மகனைப் பார்க்கவில்லை. என் மகன் பக்கம் திரும்பி, தட்டை எடுத்து வாருங்கள் என்றார்.

தட்டு மாறியது. மாமனாரும் மருமகளும் எதிரெதிர் இலையில் உட்கார்ந்து ரசம் வருகிற வரை ஒத்தக்காதனைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பையன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அப்பா அவனோடு பேசவில்லை. இவளும் பேசவில்லை. அவன் போட்ட மெசேஜ் எதற்கும் ஒன்பது நாள் பதில் போகவில்லை. பத்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். எடுத்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உங்கப்பா உங்ககூடப் பேசினாரா?

இல்லை என்று சொல்லியிருப்பான் போல. போய் மொதல்ல அவர்கிட்டப் பேசுங்க, அப்பறம் எனக்குப் போன் பண்ணுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.