மாமாவின் அரை மணி நேரம்

அஸ்தினாபுரத்தில் எங்கள் ஃபிளாட்டில் எப்போதும் டிவி சத்தம்தான். அதனால் என் மாமனார் தினமும் சாயங்காலம் கார் சாவியோடு கீழே போய், பார்க்கிங்கில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து அரை மணி நேரம் ரேடியோவில் பழைய பாட்டுக் கேட்பார்.

அன்று காலை எனக்குப் பொத்தேரியில் இன்டர்வியூ. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். அந்த வாரத்தில் இது இரண்டாவது முறை. எனக்கு வந்ததே கோபம்! வாட்ச்மேனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்க்க, கீழே வந்த மாமாவிடம், "பாட்டுக் கேட்டே பேட்டரியைத் தீர்த்துட்டீங்களே மாமா! இனிமே சாவியைத் தொடாதீங்க" என்று கத்தினேன். அவர் மாடியேறிப் போனார்.

மெக்கானிக் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். "பேட்டரிக்கு வயசாயிடுச்சுக்கா. உள்ள ஒரு செல் காலி."

"ரேடியோ போட்டதாலயா?"

"இன்னாக்கா இப்டி கேக்கறீங்க! அரை மணி நேரம் பாட்டு கேட்டா நல்ல பேட்டரிக்கு ஒண்ணும் ஆவாது. அஞ்சு வருசமா மாத்தாமலே ஓட்டிகினு இருந்தா?"

புது பேட்டரி போட்டதும் மாமாவிடம் சாவியை நீட்டினேன். "போய்ப் பாட்டுக் கேளுங்க மாமா." மெக்கானிக் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் குன்றத்தூர் கோயிலுக்குப் போனோம். ஓட்டிக்கொண்டே ரேடியோவைப் போட்டேன். மாமா கை நீட்டி அணைத்தார். "வேணாம்மா, பேட்டரி போயிடும்."

நாலு பேர் முன்னால் கத்தத் தெரிந்த எனக்கு, அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.