ஒண்ணாம் நம்பரும் ஆறாம் நம்பரும்

சீசன் இல்லாத நேரத்தில் ஊர் சுற்றினால் கூட்டம் இருக்காது என்றான் தம்பி. சரியாகத்தான் சொன்னான். கூட்டம் இல்லை, திறந்த கடை இல்லை, குழாயில் வெந்நீரும் இல்லை. காரை அவன் ஓட்ட, குறையை நான் சொல்ல, ஒருவழியாக அந்த மீனவ ஊருக்கு வந்து சேர்ந்தோம். படகுகளெல்லாம் கரையேறிக் கவிழ்ந்து படுத்திருந்தன. அவனை இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன், காற்றில் மணல் வந்து வாயை மூடியது.

ஊரில் ஒரே ஒரு லாட்ஜ். கடலைப் பார்த்தபடி வரிசையாக ஆறு அறைகள். வரவேற்பறையில் ஓர் அம்மாள், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் உட்காராத நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊரே அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறது.

"ரெண்டு ரூம் வேணும்" என்றேன்.

"இருக்குக்கா. கொஞ்சம் உக்காருங்க, காலி பண்ணித் தரேன்."

ஈ காக்கை இல்லாத லாட்ஜில் யாரைக் காலி பண்ணுவது? பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாம் நம்பரிலிருந்து ஒரு மனிதர் தலையணையும் ரேடியோவுமாக வெளியே வந்தார். மேனேஜர் ஒண்ணாம் நம்பருக்குப் போய்த் தன் தலையணையோடு திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அக்கா, அது ரூம் சோப்பு, வச்சுட்டுப் போகணும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

அவர் என்னவோ கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். "அந்த சோப்ப வாங்கிட்டு வந்ததே நான்தான்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

இரண்டையும் சொன்னேன். வேறென்ன செய்ய, தலையெழுத்து.

எதிர்த்த டீக்கடைக்காரர்தான் விஷயத்தை உடைத்தார். அவர்கள் புருஷன் பெண்டாட்டி. படகு ஓட்டுகிற அவருக்கு ஊர் வைத்த பெயர் கேப்டன். சீசனில் அவர் கடலில் இருப்பார், மேனேஜருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சண்டை போடச் சௌகரியப்படாது. படகு கரையேறிவிட்டால் பகல் முழுக்க ஒருவர் முகத்தில் ஒருவர்தான் விழிக்க வேண்டும். சின்னச் சண்டை என்றால் கேப்டன் தலையணையோடு பக்கத்து அறைக்குப் போவார். பெரிய சண்டை என்றால் அதற்கும் அடுத்தது.

"போன வருஷம் மூணாம் நம்பரோட நின்னுச்சு. இந்த வருஷம் கடைசிக்கே போயிடுச்சும்மா. இப்போதைக்கு யாரும் நடுவுக்கு வர மாட்டாங்கன்னு நடு ரூம்லயெல்லாம் எங்காளுங்க வலையக் கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க."

"அப்படி என்ன சண்டை?"

"தூரத்துல பெரிய போட்ல வேலைக்கு வரேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. போனா வருஷக்கணக்கா வர முடியாது. நாளைக்குக் காலைல பஸ்ஸு. அந்தம்மா போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நின்னுடுவாரு. ஆனா வாயத் திறக்க மாட்டாங்க."

மேனேஜரின் கதையையும் அவரே சொன்னார். பாவாடை கட்டிய வயதில் இந்த லாட்ஜுக்குப் பெருக்க வந்தவர். போர்வை துவைத்து, கணக்குப் பழகி, முதலாளி இது தேறாது என்று கைகழுவியபோது குத்தகைக்கு எடுத்து நடத்த ஆரம்பித்தார். துண்டு கொடுங்கள், வாளி கொடுங்கள் என்று உலகமே அவரிடம் கேட்கும். அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேப்டன் ஒரு புயலுக்கு ஒதுங்கி அறை எடுத்தவர், அதற்குப் பிறகு காலி பண்ணவே இல்லை. கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அவர்தான் கேட்டாராம். "சரி, ஆனா மணல் கால உதறிட்டு உள்ள வாங்க" என்றாராம் இவர்.

மீனவ ஊரில் அன்றிரவு எங்களுக்குக் கிடைத்தது முட்டைதான். நாலு பேரும் வரவேற்பறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்புக் கம்மி என்று சொல்லச் சொன்னார் கேப்டன். உப்பு அவர் பக்கத்திலேயேதான் இருக்கிறது என்று சொல்லச் சொன்னார் மேனேஜர். தம்பி தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் தூது சொல்லி முடிப்பதற்குள் முட்டை ஆறிவிட்டது. எங்களால் அறைகளை இழந்த இருவரும் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாகப் படுத்துக்கொண்டார்கள்.

காலையில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கேப்டன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவர், நிமிர்வதாக இல்லை.

"அக்கா, பஸ் வந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் சொல்ல மாட்டேன். உங்க சோப்பையும் உப்பையும் சுமந்ததே போதும். வேற ஏதாவது சொல்றதுக்கு இருந்தா நீங்களே சொல்லிக்குங்க."

தம்பி என் கையைக் கிள்ளினான். பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது.

மேனேஜர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "வரவங்கள வாங்கன்னு சொல்லத் தெரியும். போறவங்ககிட்ட சாவிய வாங்கி மாட்டத் தெரியும். இருங்கன்னு நான் யாரையும் சொன்னதில்லக்கா. லாட்ஜுக்கு வந்தவங்க போகத்தானே செய்வாங்க?" என்னிடம்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. "போகாதீங்க" என்றார்.

கேப்டன் பழக்கதோஷத்தில் பதிலைச் சொல்ல என்னைப் பார்த்தார். நான் மும்முரமாகக் கடலைப் பார்த்தேன்.

"யாரு போறா?" என்றார் அவர், தோளில் பையோடு. பஸ் பொறுமையிழந்து கிளம்பிப் போயிற்று. "ஒவ்வொரு தடவ கடலுக்குக் கெளம்பறப்பவும் இந்த வார்த்தைய ஒரே ஒரு தடவ சொல்லிட மாட்டியான்னு திரும்பிப் பார்ப்பேன். நீ முதுகக் காட்டிட்டு ஏதாவது ஒரு ரூமப் பெருக்கிட்டிருப்ப."

"பெருக்கின ரூமத்தான் பெருக்கிட்டிருந்தேன்" என்றார் மேனேஜர். "திரும்பினா நான் அழறது தெரிஞ்சிடும்ல."