பிரசவ பங்களாவில் சிப்பி

சிப்பி திறக்கிற வேலைக்கு வலது கையில் கத்தி வேண்டும், இடது கையில் கனத்த துணி வேண்டும். மனதை மட்டும் எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரலாம். நான் என் மனதைத் திசையன்விளையில், அண்ணன் வீட்டில், மதினியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அங்கேதான் என் மகள் ஜெசி இருக்கிறாள். வீட்டுக்காரர் மஸ்கட்டில். எனக்கு ஹோட்டல்காரர்கள் கொடுத்த அறையில் பிள்ளையை வைத்துக்கொள்ள இடமில்லை. பிள்ளையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிற அக்கா தங்கச்சிமாருக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரர் காலத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று பல வருஷம் பூட்டிக் கிடந்தது. அதற்குச் சுண்ணாம்பு பூசி, ஏசி போட்டு, பெரிய ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். ஐஸ் மேல் சிப்பி, பக்கத்தில் எலுமிச்சம்பழம், கலர் கலராகக் காக்டெயில். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு, வருகிறவர்கள் பார்க்க நின்று சிப்பி திறக்கிற வேலை. தலையை நிமிர்த்தாமலே திறப்பேன்.

தட்டி எழுப்புகிறது

வாய் பிளந்து கிடக்கிற சிப்பியை விரலால் தட்ட வேண்டும். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடாவிட்டால் குப்பைக்கு. சமையல் மாஸ்டர் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். நான் தட்டும்போது, "ஏட்டி, எந்திரி" என்று என்னை அறியாமல் வந்துவிட்டது. ஜெசியைக் கன்னத்தில் தட்டி அப்படித்தான் எழுப்புவேன். மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் சிரிக்கவில்லை.

"ஸ்டெல்லா, அதுக்குப் பேரு கீரு வச்சிராத. அப்புறம் உன்னால கத்தியை வைக்க முடியாது."

ஆற்றுத் தண்ணீர்

திங்கட்கிழமை எனக்கு லீவு. அப்படி ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து சிப்பி வண்டி வந்தபோது மாஸ்டரும் இல்லை. பாத்திரம் கழுவுகிற செல்வி அக்காவுக்குச் சிப்பிகளைப் பார்த்து இரக்கம் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரிலேயே கிடந்ததுகள், ஒரு நாளாவது நம் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கட்டும் என்று, அண்டா நிறைய நல்ல தண்ணீர் பிடித்து உள்ளே போட்டுவிட்டார். காலையில் வந்து தட்டினேன், தட்டினேன், ஒன்றுகூட மூடவில்லை. கடல் சிப்பிக்கு நல்ல தண்ணீர் ஆகாதாம். மாஸ்டர் போட்ட சத்தத்தில் அக்கா அழுதே விட்டார்.

"தாமிரவருணித் தண்ணியைக் குடிச்சுச் செத்தது இந்த உலகத்துலயே இதுங்கதான் அண்ணாச்சி!"

மத்தியானப் போன்

சாப்பாட்டு நேரத்தில் மதினி வீடியோ போடுவார். ஜெசி என்னைப் பார்த்ததும் "அத்தை" என்று சிரிப்பாள். மதினியின் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அதையே பிடித்துக்கொண்டாள். அம்மா என்பது மதினியைத்தான். மதினி பதறிப்போய்த் திருத்துவார். "பரவாயில்ல மதினி" என்று நான் போனை வைத்துவிடுவேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்த செல்வி அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டார்.

"பரவாயில்லன்னு சொல்லுத மூஞ்சியாட்டி இது? தின்னுட்டு அழு."

ஜன்னலோர மேசை

தலை நரைத்த அம்மா ஒருவர் மகனோடு வந்தார். "என் கட்டில் இங்கனதான் கெடந்துச்சு. இவனை இங்கனதான் பெத்தேன்" என்று ஜன்னலைக் காட்டினார். மகன் பச்சைக் காக்டெயிலைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். அந்தம்மா சிப்பியைத் தொடவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை உண்டா என்று கேட்டார். எப்போதும் தலையை ஆட்டி முடித்துக்கொள்கிறவள், அன்றைக்கு என்னவோ, "ஒரு பொண்ணு, ஊர்ல இருக்கா" என்றேன். அவர் சாதாரணமாகத்தான் அடுத்ததைக் கேட்டார். எனக்குத்தான் கத்தி நழுவியது.

"உன்னைத் தேடுதாளா?"

அடுத்த லீவு

திசையன்விளை போய்ச் சேருகிறவரைக்கும் பஸ்ஸில் அந்தக் கேள்விதான். ஜெசி வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு கழுவினாலும் கடல் வாடை போகாத கையால் கன்னத்தில் பையத் தட்டினேன். "ஏட்டி, எந்திரி." சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கண்ணை இறுக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது முந்தானையைப் பிடித்தவள் விடவில்லை. "அத்தை, போவாத" என்றுதான் அழுதாள். மதினி விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் செல்வி அக்காவிடம் சொன்னேன்.

"தேடாத பிள்ளையாட்டி முந்தானையைப் பிடிக்கும்? எப்படிக் கூப்பிட்டா என்னட்டி?"

கல் மாதிரி இறுகிக் கிடக்கிற சிப்பியை ஒரே திருகில் திறந்துவிடுகிற நான், அம்மா என்கிற ஒரு சொல்லுக்கு மட்டும் திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன்.