காராச்சேவு டப்பா

மூடி நசுங்கிய அந்த எவர்சில்வர் டப்பா இப்போது என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. கையில் எடுத்தாலே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்த திருநெல்வேலி மத்தியானங்கள் வந்துவிடும். தூங்கிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, பலகையில் மினுங்கி அணையும் சிறு விளக்குகள், காதுக்குள் ஆற்றுக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி பம்பாய்க் குரல்கள். எல்லாம் ஏதோ கனவில் நடந்ததுபோல இருக்கிறது.

டப்பா எங்கள் சூப்பர்வைசர் அக்காவுடையது. தச்சநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். சைவ வீட்டுப் பெண். கந்த சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்து, முகம் வாடாமல் வேலை பார்ப்பார். அதே அக்காவுக்குச் சாதாரண நாளில் மத்தியானத்துக்குள் டப்பா காராச்சேவு காலியாகிவிடும். ரத்தக்கொதிப்பு ஏறிக்கிடக்கிறது, உப்பைக் குறைக்காவிட்டால் கை கால் விழுந்துவிடும் என்று டாக்டர் கண்டித்திருந்தார். பத்தாவது படிக்கும் மகளுக்கு இவரை விட்டால் ஆளில்லை. எனக்கு எரிச்சலாக வரும். சாமிக்கு அடங்குகிற நாக்கு பெற்ற பிள்ளைக்கு அடங்காதா? பெரிய மனுஷி மாதிரி ஒருநாள் டப்பாவை எடுத்து என் பைக்குள் ஒளித்துவைத்தேன்.

அன்றைக்கென்று பம்பாயிலிருந்து சீவலப்பேரிக் கடை ஒன்றுக்கு அழைப்பு. கடைக்காரர் ஆள் விட்டு ஓர் அம்மாவைக் கூட்டிவந்தார். குரல் சரியாகக் கேட்கிறதா என்று அக்கா காதில் வாங்கிக்கொண்டிருக்கும்போதே, அந்த அம்மாவின் மகன் இறந்துவிட்டான் என்று எதிர்முனை சொன்னது. பேச்சு முடிந்ததும் அக்காவின் கை தானாக மேசை டிராயருக்குள் போய்த் துழாவியது. டப்பா இல்லை. கையை வெளியே எடுக்காமலே அழ ஆரம்பித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. டப்பாவை எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை.

"பசி இல்லட்டி எனக்கு. ஒவ்வொரு எழவுச் சேதியும் தொண்டையில வந்து நிக்கு. எதையாவது போட்டு உள்ள தள்ளணும்லா."

சொல்லிவிட்டு, அதை அப்போதுதான் தானும் கேட்டவர்போல என்னைப் பார்த்தார். வாடிக்கையாளரிடம் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது விதி. பஸ்ஸில் ஒரு பச்சைக்குழந்தை அழுதால்கூட எழுந்து போய்ப் பார்க்கிறவர், இத்தனை வருஷமும் அந்த வார்த்தையை மென்று விழுங்கியிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே கடைக்கு மறுபடி இணைப்புப் போட்டார்.

"யம்மா, நான் எக்ஸ்சேஞ்சுல இருந்து பேசுதேன். உங்க கூட யாரும் இருக்காவளா?"

வெகுநேரம் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார். அன்றைய காராச்சேவு முழுவதையும் பயத்தில் நான்தான் தின்று தீர்த்தேன்.

அப்புறம் இப்படிப் பேசியதற்காக இரண்டு மெமோ வாங்கினார், அசரவில்லை. காராச்சேவை ஒரேயடியாக விட்டார் என்று சொன்னால் பொய். ஆனால் துக்கச் சேதி வந்த நாட்களில் டப்பாவைத் திறக்கவில்லை. மகள் கல்யாணத்தில் இரண்டு கையாலும் அட்சதை அள்ளிப் போட்டார். ஓய்வுபெறும்போது டப்பாவை என்னிடம் தந்து சிரித்தார்.

நேற்று பெங்களூரிலிருந்து மகன் பேசினான். நன்றாக இருப்பதாகத்தான் சொன்னான். குரல்தான் நன்றாக இல்லை. போனை வைத்த கை நேரே அலமாரிக்குப் போய் டப்பாவைத் திறந்தது. உள்ளே மிக்சர் நிறைய இருந்தது. நசுங்கிய மூடியை அழுத்தி மூடிவிட்டு அவனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"ஏலே, உன் கூட யாரும் இருக்காவளா?"

"இல்லம்மா" என்றான்.