ஹனீபாவின் வில்லை

காலையில் ஆள் எடுத்து முடிந்த கையோடு ஹனீபா என் மேசைக்கு வந்து பிஸ்கற் டின்னைக் கவிழ்த்துவிட்டார். பித்தளை வில்லைகள் உருண்டு கதிரைகளுக்கு அடியில் ஓடின.

"என்ட வில்லை இதுக்குள்ள கிடக்கோ எண்டு பாக்கப்போறன், கிளாக்கர் ஐயா. கிடந்தா ஏன் வருதில்லை?"

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்தில் நாட்கூலிப் பகுதிக்குக் கிளாக்கர். தேயிலைப் பெட்டி ஏற்றும் வேலைக்கு வாசலில் பெருங்கூட்டம் நிற்கும். கப்பல் குறைந்த பருவத்தில் சிலருக்குத்தான் வேலை. கங்காணிமார் தங்கள் சொந்தக்காரரையே எடுக்கிறார்கள் என்று சண்டை வந்ததால், ஒவ்வொருவர் பெயருக்கும் இலக்கம் அடித்த வில்லை ஒன்று செய்து, டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கத் தொடங்கினோம். கைக்கு வந்த வில்லைக்காரருக்கு அன்று வேலை. மறுநாள் எல்லா வில்லைகளும் திரும்ப டின்னுக்குள் போகும்.

தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினோம். ஹனீபாவின் வில்லை என் கதிரைக் காலடியில் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கிண்ணியாவிலிருந்து விடியமுன் தோணியேறி வருபவர். மனைவி சபியாவுக்கு அது நிறைமாதம்.

"தம்பலகாமத்தில மச்சான் வயல் செய்யிறார். அவற்ற டிரைவர் காய்ச்சலில விழுந்திட்டான். வெள்ளாமை வெட்டி முடியுமட்டும் டிரக்டர் ஓட்ட என்னை வரச் சொல்லுறார். இண்டைக்குப் பின்னேரம் பதில் சொல்லவேணும்."

"போங்கோவன்."

"எப்பிடிப் போறது? இவ்வளவு நாளா வராத வில்லை இனி வந்துதானே ஆகவேணும்? நான் போனாப்பிறகு வந்தா?"

"அதுதானே! போகாதையும்," என்றார் பக்கத்தில் நின்ற சோமு. அவரும் நாட்கூலிதான், முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் பெரிய வீரர். "நான் சீட்டில கண்டனான். கெட்ட கை வந்து வந்து அலுத்தா, நல்ல கை கட்டாயம் வரும்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அந்தப் பேச்சை நம்பி ஒரு மனிதர் கையிலிருக்கும் வேலையை விடுவதா என்று யோசனையாக இருந்தது. மத்தியானம் குலுக்கிப் பார்ப்போம் என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் மூவரும் மேசையைச் சுற்றி இருந்தோம். சோமு டின்னைக் குலுக்குவார். ஹனீபா கண்ணை மூடி ஒரு பிடி அள்ளுவார். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திரும்பப் போடுவோம். ஹனீபாவின் வில்லை பல தரம் வராமல் போனதும் சோமு, "இந்த முறை விழும், பாருங்கோ!" என்று கத்துவார். எப்போதாவது விழுந்தது; பெரும்பாலும் விழவில்லை. ஒருமுறை வந்த வில்லை அடுத்த பிடியிலும் வந்து நின்றபோது சோமு டின்னுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கட்டிக் கொண்டுவந்த சோறு காய்ந்து போனது. நாங்கள் விடவில்லை.

கடைசியில் ஹனீபா கையைத் துடைத்தார்.

"நான் எத்தனை நாள் வெறுங்கையோட போனன் எண்டு இதுக்குத் தெரியாது, என்ன?"

"தெரியாது," என்றேன். எனக்கே அப்போதுதான் அது விளங்கியது. "நாளைக்கும் இண்டைக்குப் போலத்தான். வந்தாலும் வரும். ஆனா வராமல் போறதுக்குத்தான் கூடுதலா இடமிருக்கு."

பின்னேர பஸ்ஸில் அவர் தம்பலகாமம் போய்விட்டார்.

மறுநாள் காலை டின்னில் கையை விட்டேன். முதலாவதாக வந்தது ஹனீபாவின் வில்லை.

வாசலில் பெரிய ஆரவாரம். "நான் சொன்னனான்! நான் சொன்னனான்!" என்று சோமு குதித்தார். ஆள் இல்லாததால் அந்த இடத்துக்கு இன்னொரு வில்லை எடுத்தேன். அது சோமுவினுடையது. சத்தம் அடங்கி, மனிதர் இறங்குதுறைப் பக்கம் நடந்தார்.

எனக்கு வேலை ஓடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ்ஸேறித் தம்பலகாமம் போனேன். டிரக்டரில் இருந்து இறங்கி வந்த ஹனீபாவின் முழங்கால்வரை சேறு. சபியாவையும் அங்கேயே கூட்டி வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"அப்ப நான் செய்தது பிழையோ?"

நான் வாய் திறக்குமுன் குசினி வாசலில் இருந்து சபியா கேட்டார்: "நேற்று ராவு முழுக்க வயலில யானைக்குக் காவல் இருந்தீங்களே, யானை வந்ததோ?"

"இல்லை."

"அப்ப காவல் இருந்தது பிழையோ? இண்டைக்குப் படுத்து நித்திரை கொள்ளுவீங்களோ?"

ஹனீபா குனிந்து முழங்கால் சேற்றை வழித்து எறிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ட இடத்தில ஆர் போனது?" என்றார்.

"சோமு."

அவர் சிரித்த சிரிப்பில் வரம்பில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. சாப்பிடாமல் என்னை அனுப்ப மாட்டோம் என்று இருவரும் நின்றார்கள். அன்று தின்ற புதுநெற்சோற்றின் ருசி இன்னும் எனக்கு மறக்கவில்லை. மச்சானின் டிரைவர் சுகமான பிறகும் ஹனீபா துறைமுகத்துக்குத் திரும்பவில்லை. அங்கேயே நிலம் குத்தகைக்கு எடுத்துச் செய்தார்.

அதற்குப் பிறகு எனக்குக் கீழே பலர் வேலை செய்தார்கள். எடுத்த முடிவு சரிவராமல் யாராவது தலை குனிந்து வந்து நின்றால், என்ன நடந்தது என்று நான் முதலில் கேட்பதில்லை. முடிவெடுத்த நேரத்தில் உமக்கு என்ன தெரிந்திருந்தது என்றுதான் கேட்பேன். எடுத்த முடிவு சரிவந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்பவரிடமும் அதே கேள்விதான். பதில் சொல்ல அதிகம் திணறியவர்கள் இந்த இரண்டாவது வகைக்காரர்தான்.