ஒன்பது குழிகளும் ஒரு ஜோடிக் கண்ணும்

ஆவடிக்கு அந்தப் பக்கம், ஏரியை ஒட்டி, ஒன்பது குழிகள் கொண்ட சிறிய கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. பணக்கார மைதானங்களைப் போல அங்கே குழியைச் சுற்றிப் பச்சைக் கம்பளம் கிடையாது. மணலில் எண்ணெய் கலந்து தட்டி வைத்த பழுப்பு வட்டம்தான். அதற்குப் பெயரும் பிரவுன்தான். பந்து அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டால், பந்திலிருந்து குழி வரைக்கும் கனத்த சாக்கு ஒன்றை இழுத்துத் தடம் போட வேண்டும். வழவழப்பான அந்தத் தடத்தில்தான் பந்தை உருட்டுவோம். தன் தடத்தைத் தானே இழுத்துக்கொள்ளக் கூடாது, கூட ஆடுகிறவர்தான் இழுத்துத் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

எனக்கு இழுத்துத் தருகிறவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவன். திருமுல்லைவாயில்காரன். அதே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பார்க்க வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவன் நான். அவன் என்னை மாமே என்பான், நான் அவனை மச்சான் என்பேன். எங்களுக்குள் இருந்த ஒரே உறவு சர்க்கரை வியாதி. இரண்டு பேரையும் டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடக்க வெட்கமாக இருந்தது. ஆகவே ஒரு பந்தை முன்னால் அடித்துவிட்டு, அதைத் தேடிப் போகிற பாவனையில் நடந்தோம். பத்து வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு சர்க்கரை அவன் கண்ணுக்கு ஏறியது. லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். காலடியில் கிடக்கும் வெள்ளைப் பந்து தெரியும். பத்தடிக்கு அப்பால் எல்லாமே பால் கலந்த தண்ணீர். பைக்கை விற்றான். பட்டறையைத் தம்பியிடம் விட்டான். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்னைக் கூப்பிட்டு மைதானத்துக்கு அழைத்துப் போகச் சொன்னான்.

முதல் குழிக்கு முன்னால் நின்று கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னான்: "இன்னிக்கு ஒம்போதும் ஆடி முடிக்கணும் மாமே. முடிச்சிட்டா வந்துகினே இருப்பேன். நடுவுல முடியலன்னு நின்னேன்னு வையி, மட்டைங்கள நீயே எடுத்துக்கோ. ஊட்டுல வச்சிகினு பார்த்துகினு கெடக்க எனக்குத் தெம்பில்ல."

"சரி மச்சான்" என்றேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் ஒரு நொடி தயங்கினால் குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்துகொள்கிறவன் நான். ஒருமுறை மாரடைப்பு என்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எல்லா ஒயர்களையும் ஒட்டிப் பார்த்துவிட்டு நர்ஸம்மா, "சார், காலையில சாப்டீங்களா?" என்று கேட்டார். சாப்பிட்டிருக்கவில்லை. இரண்டு இட்லியில் குணமாகிற மாரடைப்பு எனக்கு மட்டும்தான் வரும். அப்பேர்ப்பட்டவன்தான் அன்றைக்கு இன்னொருவனுக்குக் கண்.

முதல் குழி நேரானது. ஏழாம் நம்பர் மட்டையால் இரண்டு நிதானமான அடி போதும். நான் சொன்னது: "இடது பக்கம் காம்பவுண்டு சுவர் இருக்கு, பார்த்து. வலது பக்கம் பூரா வேலிக்காத்தான் முள்ளு. நடுவுல பள்ளம். அதுல போன வாரம் பாம்பு பார்த்தாங்களாம்." அவன் அடித்தான். பந்து முள்ளுக்குள் போனது.

இரண்டாவது குழி மேட்டின் மேல் இருக்கிறது. "தாண்டிடாத மச்சான், தாண்டினா கால்வாய்" என்றேன். தாண்டி, கால்வாயில் விழுந்தது. மூன்றாவது, பனைமரங்களைச் சுற்றி வளைந்து போகிற குழி. "பனையில பட்டா திரும்பி நம்ம மேலயே வரும்" என்றேன். பட்டது. என் காதோரமாகவே வந்தது. நான் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டேன். கண் தெரியாதவன் நின்றுகொண்டிருந்தான்.

எப்படியோ மூன்றாவது பிரவுனை அடைந்து நான் சாக்கை இழுத்தேன். கண் மட்டும் இன்னும் பனைமரத்தின் மேலேயே இருந்தது. அவன் அந்தத் தடத்தின் மேல் ஷூ நுனியை வைத்துத் தடவியபடி குழி வரைக்கும் போய்த் திரும்பினான்.

"இன்னா மாமே இது, சாரப்பாம்பு போன தடம் மாறி கீது?"

"கால்லயே தெரியுதா?"

"கால்லயாச்சும் உணர்ச்சி மிச்சம் கீதே, அதுக்கு சந்தோசப்படு."

நான்காவது குழிதான் அங்கே நீளமானது. அதன் வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. இதற்குள் கையிலிருந்த பந்துகள் பாதிக்கு மேல் தொலைந்திருந்தன. அவன் பெஞ்சில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினான்.

"வுடு மாமே. போலாம்."

எதிர்ப்பக்கம் பார்த்தபடி நின்றேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் என்ன செய்வான் என்று நினைத்துப் பார்த்தேன். ஃப்ளாட்டின் மூன்றாவது மாடி. எதுவும் தெரியாத ஒரு ஜன்னல். "இன்னும் ஒண்ணே ஒண்ணு அடிச்சுப் பாரு மச்சான். இடது பக்கம் மட்டும் மரம் இருக்கு, அதை விட்டுட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்துறியா?" என்றான். கோபம் இல்லை. களைத்த குரல். "மூணு குழியா இன்னா சொல்லிகினு வர்ற நீ? சுவரு, முள்ளு, கால்வா, பாம்பு. எங்க போவக் கூடாதோ அத்த மட்டும் சொல்ற. எனக்குக் கண்ணுக்குள்ள இப்ப அது மட்டுந்தான் தெரியுது. சரி, நான் எங்க போவணும்? அத்தச் சொல்லு."

பத்து வருஷமாக அந்த மைதானத்தில் நடந்திருக்கிறேன். எங்கே பந்து தொலையும் என்று ஒவ்வொரு புதரையும் சொல்லத் தெரியும். நல்ல இடம் எது என்று ஒருநாளும் நான் பார்த்ததே இல்லை. அந்தக் காலை வெயிலில், ஐம்பதைத் தாண்டிய வயதில், முதன்முறையாகப் பார்த்தேன். பள்ளத்துக்கு அப்பால் மழை ஈரம் காயாத, தட்டையான, கரும்பச்சையாக ஓரிடம் இருந்தது. அங்கே இரண்டு கொக்குகள் எந்தக் கவலையும் இல்லாமல் நின்றிருந்தன.

"ரெண்டு கொக்கு நிக்குது மச்சான். அங்க."

"எம்மாந் தூரம்?"

"உன் பட்டறை வாசல்லேர்ந்து முக்கு டீக்கடை வரைக்கும்."

அவன் உதட்டை அசைத்து எதையோ எண்ணினான். மனசுக்குள் அந்தத் தெருவில் நடந்திருக்க வேண்டும். பிறகு எழுந்து, தோளைத் தளர்த்தி, அடித்தான். கொக்குகள் எழுந்து பறந்தன. "கொக்கு பறந்துடுச்சு!" என்று கத்தினேன். அதைவிட நல்ல சேதியை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஐந்தாவதில் நிலம் வலது பக்கம் சரியும். இடது ஓரமாகப் போட்டால் பந்து தானாக உருண்டு வந்து சேரும். நான் சொல்வதற்குள் அவனே அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "இங்கதான் எங்கம்மா நாத்து நட்டுச்சு. அது நட்ட எடத்துல நாம புல்லு வளத்து விளையாடிகினு கீறோம்னு தெரிஞ்சா செருப்பாலயே அடிக்கும்" என்றான். ஆறாவதில் ஏரிக்காற்று எதிரே வரும், இன்னும் தூரம் போகிற மட்டையாக எடுக்க வேண்டும். ஏழாவதில் அவன் பந்து ஒழுங்காகப் போனது. என்னுடையதைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது. காக்கை எடுத்தால் அபராதம் இல்லை, வேறு பந்து வைத்துக்கொள்ளலாம் என்பது அங்கே சட்டம். எட்டாவது குழிக்கு வியூகம் என்று ஒன்றும் கிடையாது. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒன்பதாவதில் ஏரியின் ஒரு கை குறுக்கே நீண்டு கிடக்கிறது. மழைக்குப் பிறகு தளும்பத் தளும்பத் தண்ணீர். அந்தக் குழிக்கு என் வியூகம் எப்போதும் ஒன்றுதான்: கரையோரமாக நாலு குட்டி அடி அடித்துச் சுற்றிப் போய்விடுவது. ஏரி வேடிக்கை பார்ப்பதற்கு என்பது என் கொள்கை.

"கரை வழியா போயிடலாம் மச்சான்."

"கரையில மழைச் சேறு. வழுக்கி வுழுந்தா உன்னால என்னத் தூக்க முடியுமா? நேரா போறேன். தண்ணிக்கு அந்தாண்ட எங்க வுழணும்? சொல்லு."

பார்த்தேன். எதிர்க்கரையில் கொக்கு இல்லை, மரம் இல்லை, வெறும் புல். சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.

"நான் போய் அங்க நிக்கிறேன். குரல் கொடுக்கிறேன். குரலுக்கு அடி" என்றது என் வாய். மூளையிடம் அது அனுமதி வாங்கவில்லை.

சேற்றுக் கரையைச் சுற்றி நடக்கும்போதுதான் உறைத்தது. இன்றைக்கு நான் வாயால் சொன்ன இடத்துக்கெல்லாம் அவன் சரியாக அடித்துக்கொண்டிருக்கிறான். இப்போது சொன்ன இடம் நான். எதிர்க்கரையில் போய் நின்று, "இங்க! இங்க!" என்று கூவினேன்.

"இன்னா மாமே, பலி குடுக்கப் போற ஆடு மாறி கத்துற!" தண்ணீரின் மேல் அவன் குரல் தெளிவாக வந்தது.

"இங்கதான்!"

அவன் குனிந்து நிற்பது தெரிந்தது. மட்டை மேலே போனது. டக்கென்ற சத்தம் கேட்டது. நான் தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

தண்ணீரில் விழுந்த ஓசை இல்லை. வேறு எந்த ஓசையும் இல்லை.

"எங்க வுழுந்துது?" என்று கூப்பிட்டான்.

பார்த்தேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. "தெரியல மச்சான்! கண்ண மூடிட்டேன்!"

அக்கரையிலிருந்து சிரிப்பு. அவன் கண் மங்கிய அந்த ஒரு வருஷத்தில் நான் கேட்டிராத, அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. "அடப்பாவி! நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து இருக்கிறதே ஒரு ஜோடிக் கண்ணு!"

திரும்பப் போய் அழைத்து வந்தேன். சேற்றில் என் தோளை அழுத்திப் பிடித்தபடி, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தான். புல்லைக் காலால் அளைந்து தேடினோம். நான் குந்தியிருந்த இடத்துக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், பந்து கிடந்தது. அங்கிருந்து ஒரு குட்டி அடியில் பிரவுன். சாக்கை இழுத்தேன். அவன் காலால் தடவிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு உருட்டினான். முதல் தடவை ஓரத்தில் நின்றது. இரண்டாவது தடவை உள்ளே விழுந்தது. குனிந்தவன் பந்தை உடனே எடுக்கவில்லை. குழிக்குள் கையை விட்டபடியே வெகுநேரம் இருந்தான். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரின் டிக்கியைத் திறந்ததும் மட்டைப் பையை உள்ளே வைத்தான். "இது உன் வண்டியிலயே கெடக்கட்டும்" என்றான்.

"முடிச்சிட்டியே மச்சான்! ஒம்போதும் முடிச்சிட்டியே! நீதானே சொன்ன..."

"ஏன்யா கத்துற? வாராவாரம் மூணு மாடி எவன் இத்தத் தூக்கிகினு ஏறி எறங்குறது? ஞாயித்துக்கெழம வெள்ளன வந்து ஹாரன் அடி, நான் எறங்கி வர்றேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாவியைப் போட்டும் உடனே திருப்ப முடியவில்லை. அவன் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே அவனுக்குத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டு, காத்திருந்தான்.