ஜரீனா செய்தது வேலை

ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது ஜரீனாவின் தம்பி கீழக்கரையிலிருந்து அழைத்தார். "டீச்சர், லாத்தா மௌத்தாயிட்டாக. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சு அடக்கம்" என்றார். காய்ச்சல் என்று படுத்த அவர் அக்கா எழுந்திருக்காமலே இறந்துபோனார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜரீனா ஒரு தொண்டு நிறுவனத்தில் பணிபுரிந்தார். இராமேஸ்வரம் சாலை நெடுகிலும் உள்ள நடுநிலைப் பள்ளிகளுக்குப் போய், தொண்டு நிறுவனம் என்றால் என்ன, அதில் என்னென்ன வேலைகள் உண்டு என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். உச்சிப்புளி அருகே எங்கள் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை என்பதால் அவரை என்னிடம் தள்ளிவிட்டார்கள். அவருக்குக் கொடுத்தது விளையாட்டுப் பாடவேளையை. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தொண்டு நிறுவனம்னா யாரு?" என்று முதல் வகுப்பில் கேட்டார்.

"பை குடுத்துட்டு போட்டோ எடுக்குறவங்க" என்றாள் ஒரு சிறுமி.

வகுப்பே சிரித்தது. ஜரீனாவும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இரக்கம் எல்லார்ட்டயும் இருக்கு. ஆனா புயல் வந்தாத்தான் அது வெளிய வரும். அதைத் திங்கக்கிழமை காலையில ஒழுங்கா வேலைக்கு வர வைக்கிறதுதான் நிறுவனம்." அங்கே கணக்கர் வேண்டும், செவிலியர் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும் என்றார். அவர்களுக்குச் சம்பளம் உண்டா என்று ஒரு பையன் சந்தேகமாகக் கேட்டான். "உங்க டீச்சரு சம்பளம் வாங்குறாங்க. அதனால நல்லா நடத்தாம இருக்காங்களா?" என்று என்னைக் காட்டினார்.

சம்பளம் பற்றிய கேள்வி அவர் வீட்டிலும் இருந்தது. கணவர் சவுதியில். அவர் பணம் அனுப்பும்போது உனக்கு எதற்கு வெயிலில் அலைச்சல் என்பார்கள். "அது அவுக வேலை, இது என் வேலை" என்பார் ஜரீனா.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்களே ஒரு நிறுவனம் அமைத்துப் பார்க்கச் சொன்னார். அவர்கள் கையில் எடுத்த பிரச்சினை, பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாதது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் சிலர் பள்ளிக்கே வருவதில்லை. பிள்ளைகள் கலந்து பேசி, தலைமையாசிரியரிடம் நேரிலேயே போய்க் கேட்டார்கள். அவர் ஜரீனாவைக் கூப்பிட்டார்.

"நோட்டு, பேனா ஏதாச்சும் குடுப்பீங்கன்னுதான் உள்ள விட்டேன். பிள்ளைகளைத் தூண்டி விடுறீங்களா?"

"தாழ்ப்பாள் கேக்குறது தூண்டி விடுறதா சார்?"

"நாளையில இருந்து வராதீங்க."

தாழ்ப்பாள் வந்தது. அந்தத் தலைமையாசிரியர் மாறிப் போகும்வரை ஜரீனாவால்தான் வர முடியவில்லை. வரவேண்டாம் என்று சொன்ன அன்று பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "மத்த பள்ளிக்கூடத்துல இலவசமா என்ன தருவீகங்கிறாக, இங்கன தூண்டி விடுறேங்கிறாக. பாடம் நடத்த வந்தேன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாகளே டீச்சர்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

போன வாரம் இராமநாதபுரத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பேசியவர்கள் எல்லாரும் தியாகி என்றார்கள். ஒருவர், "ஊதியம் கருதாமல் தொண்டாற்றிய தாய்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே எழுந்து, "அவங்க சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்தாங்க. அதைத்தான் பிள்ளைகளுக்கும் சொன்னாங்க" என்றேன். பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னைக்குப் போயி இப்படிப் பேசலாமா?"

வேறு என்றைக்குப் பேசுவது? தியாகி என்று சொல்லிவிட்டால் அவர் இடத்துக்கு ஆள் போட வேண்டியதில்லை. விசாரித்தேன். நிறுவனத்தார் அந்தப் பாடத்தையே நிறுத்தப்போகிறார்களாம்.

நேற்று எட்டாம் வகுப்புக்கு நானே போனேன். எனக்குத் தெரிந்த அளவில் நடத்தினேன். ஒரு மாணவி எழுந்து, "ஜரீனா மிஸ் வேலைக்கு என்ன படிக்கணும் டீச்சர்?" என்றாள். சமூகப் பணி படிக்கலாம் என்றேன்.

"படிச்சிட்டு வந்தா அந்த வேலை இருக்குமா?"

அவள் கேட்டதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜரீனாவிடம் பொறுமையை நான் அதிகம் பார்த்ததில்லை. எரிச்சலைத்தான் பார்த்தேன். அதையே வைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், அந்த மாணவி கேட்டதை அப்படியே கேட்கப்போகிறேன்.